மாம்பழம், நாற்காலி, நாணயம்

தில்லிக்குப் பக்கத்தில் உள்ள 28 கிராமங்களில் முதியவர்களின் மறதியை எண்ணிப் பார்த்தார்கள். உலகிலேயே மிகக் குறைந்த கணக்குகளில் ஒன்று அங்கே கிடைத்தது. அது நல்ல சேதிதானா?

தில்லியிலிருந்து தெற்கே, மதுரா சாலையில் ஏறக்குறைய 36 கிலோமீட்டர். மெட்ரோவில் போனால் பதர்பூரைத் தாண்டியதும் நிலையங்களின் பெயர்களே வட்டாரத்தின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு வருகின்றன. பாட்டா சௌக், எஸ்கார்ட்ஸ் முஜேஸர் என்று தொழிற்சாலைகளின் பெயர்கள். அடுத்து சந்த் சூர்தாஸ்; பார்வையற்ற அந்தக் கவி பிறந்தது பக்கத்திலுள்ள சீஹி கிராமத்தில்தான் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. கடைசி நிலையம் ராஜா நாஹர் சிங். 1857 எழுச்சியில் பிரிட்டிஷாரை எதிர்த்ததற்காக 1858 ஜனவரி 9 அன்று தில்லி சாந்தினி சௌக்கில் தூக்கிலிடப்பட்ட ஜாட் மன்னர் அவர். அவர் ஆண்ட ஊர்தான் பல்லப்கட். மெட்ரோ இங்கே வந்து சேர்ந்தது 2018இல்.

நிலையத்துக்கு வெளியே வழக்கமான வட இந்திய இரைச்சல். ஷேர் ஆட்டோக்கள், கரும்புச்சாறு வண்டிகள், தூசி. ஆனால் யமுனை இருக்கும் கிழக்குத் திசையில் அரை மணி நேரம் போனால் காட்சி மாறிவிடுகிறது. குளிர்காலமானால் ஒரு பக்கம் கோதுமையின் பச்சை, மறுபக்கம் கடுகுப் பூவின் மஞ்சள். ஊர் எல்லையில் வரட்டியை அடுக்கி மேலே சாணம் மெழுகிய கூம்புகள். வெயில் விழும் இடங்களிலெல்லாம் கயிற்றுக் கட்டில்கள், கட்டில்களில் கிழவர்கள், நடுவே ஹூக்கா. பெண்கள் வீட்டுக்குள்ளோ, மாட்டுக் கொட்டிலிலோ இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்களுக்கு மட்டும் முற்றத்தில் ஒரு கட்டில் உண்டு.

வெளியூர்க்காரர் கண்ணுக்கு இவை ஹரியானாவின் எத்தனையோ கிராமங்களில் சில. மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்கு அப்படியல்ல. தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் 1965 முதல் இங்கே கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. தயால்பூர், சாயின்ஸா என்ற இரண்டு ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவற்றைச் சுற்றி 28 கிராமங்கள். சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். யார் பிறந்தார், யார் இறந்தார், யார் மணமாகிப் போனார், யார் மருமகளாக வந்தார் என்பதெல்லாம் பதிவாகிறது. இந்திய கிராமங்களைப் பற்றி ஊகத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையாகப் பேச முடிகிற மிகச் சில இடங்களில் இது ஒன்று.

அதனால்தான் 1990களில் ஓர் இந்திய–அமெரிக்க ஆய்வுக் குழு தன் கேள்வியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தது. அல்ஜீமர் போன்ற மறதி நோய்கள் பணக்கார நாடுகளில் முதியவர்களை வாட்டுகின்றன. இந்திய கிராமத்தில் எப்படி?

கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் அதைக் கேட்கும் கருவி கையில் இல்லை. உலகெங்கும் அப்போது புழக்கத்தில் இருந்தது 1975இல் அமெரிக்காவில் உருவான ஒரு சிறு தேர்வு. இன்று என்ன தேதி, நீங்கள் இருப்பது எந்த மாடி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், 'கண்களை மூடு' என்று எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று போகும் அந்தத் தேர்வு. மாடியே இல்லாத ஊரில், பள்ளிக்கூடத்தைப் பார்த்தே இராத ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டால் அவர் தோற்றுத்தான் போவார். மூளை கெட்டதால் அல்ல, பள்ளிக்கூடம் கிட்டாததால். இங்கே ஆய்வில் சேர்ந்த 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரில் 73 சதவீதத்தினர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

ஆகவே கருவியைப் பிரித்து, கிராமத்துக்கு ஏற்றபடி மீண்டும் பூட்டினார்கள். எந்த மாடி என்பதற்குப் பதில் உங்கள் ஊர் எந்தத் தபால் ஆபீஸில் சேர்ந்தது என்று கேட்டார்கள். கழித்தலுக்குப் பதில் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். படித்துச் செய்வதற்குப் பதில், நான் செய்வதை அப்படியே செய்யுங்கள் என்று சொல்லி, கேட்பவர் தன் கண்களை மூடிக் காட்டினார். ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்பது, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று ஆனது. நினைவில் வைத்துச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்ல மூன்று சொற்கள்: மாம்பழம், நாற்காலி, நாணயம். இந்த இந்தித் தேர்வு 1995இல் வெளியானது. இன்று வரை நாட்டின் பல ஆய்வுகளுக்கு இதுதான் அடித்தளம்.

தேர்வு மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நோய் என்று சொல்ல வேண்டுமானால் அன்றாட வாழ்க்கையில் தடுமாற்றம் இருக்க வேண்டும். மேலை நாடுகளில் காசோலை எழுத முடிகிறதா, கார் ஓட்ட முடிகிறதா என்று கேட்பார்கள். இங்கே வீட்டாரிடம் கேட்டது வேறு. சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சாப்பாடு கேட்கிறாரா? ஊருக்குள் வழி தவறுகிறாரா? ஹோலி, தீபாவளி எப்போது என்று நினைவிருக்கிறதா? யாரிடமாவது சேதி சொல்லி அனுப்பினால் போய்ச் சொல்கிறாரா? கல்யாணம் போன்ற குடும்ப விஷயங்களில் கருத்துச் சொல்கிறாரா?

முடிவு 1998இல் வந்தது. 65 வயதைக் கடந்தவர்களில் மறதி நோய் உள்ளவர்கள் 1.36 சதவீதம்தான். நோயுள்ளவர்கள் சீக்கிரம் இறந்துபோவதால் கணக்கு குறைந்திருக்கலாமே என்ற சந்தேகத்துக்கும் இடம் வைக்காமல், அதே மக்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, புதிதாக நோய் காண்பவர்களையும் எண்ணினார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் மனாங்கஹேலா பள்ளத்தாக்கில் 65 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 17.5 பேர் வீதம் அல்ஜீமர் நோயாளிகள் ஆனார்கள். பல்லப்கட்டில் 4.7 பேர். இந்தக் கணக்கு வெளியான 2001இல், உலகில் அதுவரை பதிவானவற்றில் மிகக் குறைந்தவற்றில் ஒன்று அது.

செய்தி பரவியது. மஞ்சள் காரணம், மரக்கறி உணவு காரணம், உழைப்பு காரணம், கூட்டுக் குடும்பம் காரணம் என்று ஆளுக்கொரு விளக்கம் வந்தது. ஆய்வாளர்கள் நிதானமாகவே பேசினார்கள். அல்ஜீமர் அபாயத்தைக் கூட்டுகிற ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை மனாங்கஹேலாவைவிட பல்லப்கட்டில் குறைவு என்று 2000இல் கண்டார்கள். ஆனால் அந்த மரபணு உள்ளவர்களுக்கு அபாயம் இரண்டு இடங்களிலும் ஒரே அளவு. படிப்பில்லாமை மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது உலகெங்கும் கண்டறிந்த உண்மை. அப்படியிருக்க, முக்கால்வாசிப் பேர் பள்ளி காணாத ஊரில் நோய் குறைவு என்றால் புதிர் பெரிதாகிறதே தவிர, தீரவில்லை.

புதிரின் ஒரு முனை முற்றத்துக் கட்டிலில் இருக்கிறது. யமுனைக்கு அருகே உள்ள ஒரு கிராமத்தில், சென்ற குளிர்காலத்தின் ஒரு முற்பகலில், சுகாதார ஊழியர் ஒருவருடன் சில வீடுகளுக்குப் போனேன். முதல் வீட்டில் ஒரு பாட்டி, வெயிலில் அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"தாதி, உங்களுக்கு என்ன வயசு?"

"நாலு இருபது. அதுக்கு மேல எத்தனைன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

இந்தப் பக்கத்து முதியவர்கள் இருபது இருபதாகவே எண்ணுகிறார்கள். ஆதார் அட்டை அவர் பிறந்த நாள் ஜனவரி 1 என்கிறது. பிறந்த தேதி தெரியாத லட்சக்கணக்கான இந்தியர்கள் பிறந்த நாள் அதுதான். அட்டைப்படி அவருக்கு 84. ஆனால் மூத்த மகனுக்கே 73 நடக்கிறது. ஊழியர் பழைய முறையில் கணக்குப் போட்டார். தேசப் பிரிவினையின்போது நீங்கள் எத்தனை பெரிசு? கலவரம் நடந்தபோது கல்யாணம் முடிந்து பிறந்த வீட்டில் இருந்தாராம். புகுந்த வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அப்படியானால் 90க்கு மேல்.

இன்று என்ன தேதி என்று பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் ஏகாதசி என்பது தெரிந்திருந்தது. எந்தத் தபால் ஆபீஸ் என்று கேட்டதும் சிரித்தார். "இப்போ யார் கடுதாசி போடறாங்க?" மூன்று சொற்களில் மாம்பழமும் நாணயமும் திரும்பி வந்தன. மூன்றாவது என்ன என்று கேட்டதும், "நாற்காலியா? அதுல நான் எப்போ உட்கார்ந்தேன், ஞாபகம் வைக்க!" என்றார். முற்றத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவர் பட்டாணியை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

இந்தியாவில் மிக முதிர்ந்தவர்களைப் பற்றி எதைப் பேசினாலும் முதலில் இடறுவது இந்த வயதுக் கணக்கில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூறு வயதைத் தொட்டவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ஜப்பானில் அதே ஆண்டு நூறைக் கடந்தவர்கள் சுமார் 48,000 பேர்தான். நாம் ஜப்பானியர்களை இப்படித் தோற்கடித்தோம் என்று எந்த மக்கள்தொகை நிபுணரும் நம்பவில்லை. வயது தெரியாதபோது ஐந்திலோ பூஜ்யத்திலோ முடியும் ஓர் எண்ணைச் சொல்வது வழக்கம். எண்பதைத் தாண்டினால் தாராளம் இன்னும் கூடும். ஹரியானாவில் வயதுக்கு ஒரு விலையும் உண்டு. 1987இல் தேவிலால் அரசு மாதம் 100 ரூபாயில் தொடங்கிய முதியோர் பென்ஷன், 2024இல் 3,000 ரூபாய் ஆனது. அட்டையில் உள்ள வயதுதான் பென்ஷன் வாங்கித் தருகிறது, முற்றத்தில் உள்ள வயது அல்ல.

இது வெறும் ஆவண விவகாரம் இல்லை. மறதி நோய் வயதோடு சேர்ந்து ஏறுகிறது. 65க்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதன் விகிதம் இரட்டிப்பாகிறது. 70 என்று எழுதியவருக்கு உண்மையில் 85 என்றாலும், 95 என்று எழுதியவருக்கு 80தான் என்றாலும், நோயின் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். 2011 கணக்குப்படி 80 வயதைக் கடந்த இந்தியர்கள் ஒரு கோடிக்கும் அதிகம். அதற்குப் பிறகு அவர்கள் எண்ணிக்கை வளர்ந்துதான் வந்திருக்கிறது.

புதிரின் இன்னொரு முனை அதே தெருவில், நான்கு வீடு தள்ளி இருந்தது. வாசல் பக்கம் ஆண்கள் உட்காரும் அறை. கட்டிலில் ஒரு பெரியவர், கம்பீரமான தலைப்பாகை, சவரம் செய்த முகம். ஊழியர் "தாவூ ஜி, ராம் ராம்" என்றதும் கம்பீரமாகவே பதில் ராம் ராம் சொன்னார். மகன்கள் இருவரும், "அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, வயசுதான்" என்றார்கள். கூடவே ஒரு சொல்லும் வந்தது: 'சட்டியா கயே'. இந்தியில் சாட் என்றால் அறுபது. அறுபது ஆனால் புத்தி பிசகும் என்பதை அந்த மொழி ஒரே வினைச்சொல்லாக்கி வைத்திருக்கிறது. 

மகன்கள் டிராக்டரைப் பார்க்க எழுந்து போன பிறகுதான் மருமகள் பேசினார். அவருக்கே ஐம்பதுக்கு மேல் இருக்கும். மாமனார் இருக்கும் அறையில் முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டுக்கொள்வது வழக்கம். அந்த முக்காட்டுக்குள்ளிருந்து தணிந்த குரலில் சொன்னார். பாபூஜி காலையில் மூன்று முறை ரொட்டி கேட்பார். சாப்பிட்டீர்களே என்றால் கோபம் வரும். அதனால் முதலிலேயே அரை ரொட்டியாகத்தான் கொடுக்கிறேன். சட்டைப் பொத்தானை நான்தான் பேரனிடம் சொல்லிப் போடச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் வயலுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவரை நெடுஞ்சாலையில் பார்த்து யாரோ கொண்டுவந்து விட்டார்கள். அவர் போன இடத்தில் முன்பு வயல் இருந்தது; இப்போது வீட்டு மனைகள்.

எவ்வளவு நாளாக?

"நாலு வருஷம் இருக்கும். யாரும் என்னைக் கேட்கலையே."

அறுபதாண்டுகளாகச் சுகாதார ஊழியர்கள் வந்துபோகும் வட்டாரம் இது. நாட்டின் மற்ற கிராமங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் நோய் மறைக்கப்படவில்லை. அதன் வேலைகளை மற்றவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பணத்தை மகன் பார்க்கிறான், பொத்தானைப் பேரன் போடுகிறான், ரொட்டியை மருமகள் பாதியாக்குகிறாள். பெரியவர் செய்ய வேண்டியது என்று எதுவும் மிச்சமில்லை. ஆகவே அவரால் முடியாதது எது என்பது தெரிய வாய்ப்பும் இல்லை. கூட்டுக் குடும்பம் மறதியைத் தடுக்கிறதோ இல்லையோ, கண்ணில் படாமல் வைக்கிறது.

ஆராய்ச்சி உலகமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது, வேறு வழியாக. 1998இல் கொச்சியில் கூடிய மருத்துவர்கள் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 10/66. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வுகளில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே அவர்களைப் பற்றி நடக்கின்றன என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். குழு இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டும் தமிழகத்தில்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர் வட்டாரம். 2008இல் வந்த முடிவு யோசிக்க வைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வகுத்த இலக்கணத்தின்படி எண்ணினால், வேலூர் கிராமங்களில் 65 கடந்தவர்களில் நோயாளிகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. படிப்பில்லாதவர்களையும் குடும்பம் தாங்குகிறவர்களையும் கணக்கில் கொண்டு குழுவே வகுத்த அளவுகோலின்படி எண்ணினால், ஏறக்குறைய பத்தில் ஒருவர். அதே ஊர், அதே மக்கள். மாறியது அளவுகோல் மட்டும்தான்.

காரணமும் புரிந்தது. நோயால் அன்றாட வாழ்க்கையில் இடையூறு உண்டா என்று வீட்டாரைக் கேட்டால், இல்லை என்பார்கள். வயதானால் இப்படித்தான் என்பது அவர்கள் பதில். கேரளத்தில் இதற்குச் 'சின்னன்' என்று பெயர், குழந்தைத்தனம் என்று பொருள். நாமும் வயசானால் குழந்தை மாதிரி என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. அத்தனையும் சரிதான், ஆனால் குழந்தைக்கு மறதி என்று யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லை.

பல்லப்கட் கணக்கைப் பொய் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வு வீட்டாரைக் கேட்டது. கிராமத்துக் கேள்விகளையே கேட்டது. அல்ஜீமருக்கு மிகக் கறாரான இலக்கணத்தையும் வைத்துக்கொண்டது. அன்றைய மக்கள் இன்றைய மக்கள் அல்ல என்பதும் உண்மை. அப்போது 75 வயதில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இன்றைய 75க்கு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் துணை. யமுனைக்கரைக் காற்றிலும் இப்போது தொழிற்சாலைப் புகை கலந்திருக்கிறது. நாடு முழுவதும் 2017 முதல் 2020 வரை நடந்த ஒரு பெரிய ஆய்வு, பல்லப்கட்டில் பிறந்த அதே இந்தித் தேர்வையும் பயன்படுத்தி, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் என்று 2023இல் மதிப்பிட்டது. அதாவது 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரங்களைவிடக் கிராமங்களில் அதிகம். முற்றத்துக் கட்டில் அமைதியாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில்தான் அதிகம்.

பல்லப்கட்டிலிருந்து திரும்பும் வழியில் ஃபரீதாபாதில் இறங்குவது நல்லது. எண்களுக்குள் அடங்காத ஒன்று அங்கே உண்டு. பிரிவினைக்குப் பிறகு, வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்காக 1949 முதல் கட்டப்பட்ட நகரம் அது. பன்னு, தேரா இஸ்மாயில் கான், பெஷாவர் என்று அவர்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர் இன்றும் அவர்கள் சமூகங்களின் பெயர். தாங்களே மண் சுமந்து, செங்கல் அடுக்கிக் கட்டிய வீடுகளில் குடியேறினார்கள். அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் இன்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இருக்கிறார்கள்.

மறதி நோயில் முதலில் போவது நேற்றைய தினம். குழந்தைப் பருவம் கடைசி வரை நிற்கிறது. ஆகவே இங்கே நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்ற சாதாரணக் கேள்வி சாதாரணமானதாக இல்லை. 'பன்னு' என்று ஒரு முதியவர் பதில் சொன்னால் தேர்வில் மதிப்பெண் பூஜ்யம். எல்லைக்கு அப்பால், போக முடியாத ஓர் ஊரில் அவர் மாலை நேரங்களில் வீட்டுக்குப் போகத் துடிப்பார். பெரியவரே, இதுதான் உங்கள் வீடு, நீங்களே கட்டியது என்று குடும்பம் சொல்லிக்கொண்டிருக்கும். மறதி நோயாளிகள் பலரிடமும் காணும் இந்த மாலை நேரத் தவிப்புக்கு அகதிகளின் ஊரில் கனம் கூடுதல்.

இதெல்லாம் மூப்பின் விதிதானே என்று கேட்கலாம். இல்லை என்பதற்கு மூப்பின் உச்சியிலிருந்தே சான்று உண்டு. ஹாலந்தைச் சேர்ந்த ஹென்ட்ரிக்யே வான் ஆண்டல்–ஷிப்பர் என்ற மூதாட்டி 2005இல் தம் 115ஆம் வயதில் இறந்தார். 112, 113 வயதில் அவருக்கு நடத்திய தேர்வுகளில், 60 முதல் 75 வயதுக்காரர்களின் சராசரியைவிட நன்றாகச் செய்திருந்தார். உடலை ஆராய்ச்சிக்கு எழுதி வைத்திருந்ததால் இறந்த பிறகு மூளையைப் பார்த்தார்கள். அல்ஜீமரின் அடையாளம் ஏறக்குறைய இல்லை. கலிஃபோர்னியாவில் தொண்ணூறு கடந்தவர்களை 2003 முதல் ஆராய்ந்துவரும் குழு கண்டது இன்னும் விசித்திரம். மறதி நோய் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேரின் மூளையில், அந்த மறதியை விளக்கும் அளவுக்குச் சிதைவு இல்லை. மறுபக்கம், மூளையில் சிதைவு இருந்தும் கடைசி வரை தெளிவாக இருந்தவர்கள் பலர். வயது ஒரு காரணம்தான். எல்லாம் அதுவே அல்ல.

அந்த இடைவெளியில்தான் செய்ய வேண்டியவை இருக்கின்றன. 2024இல் மருத்துவ இதழ் லான்செட் அமைத்த குழு, தடுக்கவோ தள்ளிப்போடவோ முடிகிற 14 காரணங்களைப் பட்டியலிட்டது. படிப்பின்மை, காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காற்று மாசு, தனிமை ஆகியவை அவற்றில் சில. இவற்றையெல்லாம் சரிசெய்ய முடிந்தால் ஏறக்குறைய பாதி நோய்களைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. பல்லப்கட் முற்றங்களில் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் படித்தால் ஒன்று தெரிகிறது. மாம்பழம், நாற்காலி, நாணயம் என்று சொல்வது காதில் விழாதவர் அவற்றைத் திரும்பச் சொல்ல முடியாது. கண்புரை மூடியவர் படத்தைப் பார்த்து வரைய முடியாது. ரத்தசோகை, தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி வேஷம் போட்டு வரும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. அப்படிப்பட்ட ஒருவரை 'சட்டியா கயே' என்று கட்டிலில் விட்டுவிடுவதுதான் உண்மையான நஷ்டம்.

அரசும் அசையாமல் இல்லை. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் எதுவாக இருந்தாலும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. இடுப்பெலும்பு முறிந்தால், மாரடைப்பு வந்தால் அது பெரிய ஆறுதல். ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான் பணம் கொடுக்கிறது. மறதி நோய் படுத்திருப்பது வீட்டுக் கட்டிலில். அங்கே செலவாவது ஒரு பெண்ணின் நாள். வயல் வேலைக்கும் பால் கறக்கவும் போய்க்கொண்டிருந்தவர் இப்போது வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் எந்தக் காப்பீட்டு அட்டையிலும் இல்லை. மகன்கள் குருகிராமுக்கும் நொய்டாவுக்கும் வேலைக்குப் போய், வயல்கள் மனைகளாகி, குடும்பங்கள் பிரியும்போது அந்த ஒருவரும் இருக்கமாட்டார். பல்லப்கட்டின் குறைந்த கணக்கு அப்போது என்னவாகும் என்பதைத்தான் இனி எண்ண வேண்டும்.

எண்ணுவதற்கு இங்கே வழி இருக்கிறது. வீடு வீடாக ஏறும் ஊழியர்கள் இருக்கிறார்கள். முப்பதாண்டு பழகிய கேள்வித்தாள் இருக்கிறது. அதில் தபால் ஆபீஸ் கேள்வி பழசாகிவிட்டது, ஏகாதசியைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்ற கேள்விக்கு மட்டும் வயதாகவில்லை. அதைக் கட்டிலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, ஆண்கள் வெளியே போன பிறகு, முக்காட்டுக்குள் இருப்பவரிடமும் ஒரு முறை கேட்க வேண்டும்.